நாணய அகலம் நகர்ந்தால் மாறும் கித்தார் ஒலி

ஒரு 50 சென் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். அதன் அகலம் ஏறத்தாழ இரண்டேகால் சென்டிமீட்டர். மின்கித்தாரின் ஆம்புக்கு முன்னால் வைத்த ஒலிவாங்கியை அந்த நாணயத்தின் அகலத்துக்கு மட்டும் பக்கவாட்டில் நகர்த்தினால், பதிவாகும் ஒலி மாறிவிடும். இசை பழகாதவர் காதுக்கும் தெரியும்படி மாறும். கித்தார் அதேதான், வாசிப்பவரும் அவரேதான். ஆம்பின் ஒரு குமிழைக்கூட யாரும் தொடவில்லை.

பள்ளியில் இசைக்குழு வைத்திருக்கும் மாணவர்கள் பலரிடம் ஒரு குறை கேட்கலாம். மண்டபத்தில் வாசிக்கும்போது கம்பீரமாக இருந்த கித்தார், பதிவைப் போட்டுக் கேட்டால் கொசுவின் ரீங்காரம்போல் மெலிந்திருக்கும். அல்லது போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கிடக்கும். உடனே பழி ஒலிவாங்கியின் மேல் விழும். விலை கூடிய ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேச்சு எழும். பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி ஒலிவாங்கி அல்ல, அது நின்ற இடம்தான். இடத்தை மாற்ற ஒரு சென்கூடச் செலவாகாது. ஆனால் ஏன் மாறுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவியலில் முக்கால்வாசி உங்கள் படிவம் 4 இயற்பியல் நூலில், அலைகள் பாடத்தில் இருக்கிறது.

கித்தாரின் மறுபாதி

மரக்கித்தாருக்குப் பெரிய வயிறு உண்டு. கம்பியின் அதிர்வை அந்த மரப்பெட்டி வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கிறது. மின்கித்தாரின் உடலோ பெரும்பாலும் கெட்டியான கட்டை. ஆம்பில் செருகாமல் வாசித்தால் பக்கத்து அறைக்குக்கூட ஒழுங்காகக் கேட்காது. அதன் எஃகுக் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செப்புக் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப் என்ற சிறு கருவி இருக்கிறது. கம்பி அதிரும்போது அங்குள்ள காந்தப் புலம் மாறுகிறது. சுருளில் மெல்லிய மின்சமிக்ஞை தூண்டப்படுகிறது. ஆம்ப் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. காற்றில் ஒலி பிறப்பது அந்த ஸ்பீக்கரில்தான். ஆகவே ஆம்பும் ஸ்பீக்கரும் வெறும் துணைக்கருவிகள் அல்ல, அவை கித்தாரின் மறுபாதி.

கித்தார் ஸ்பீக்கர், வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரைப் போன்றதல்ல. வீட்டு ஸ்பீக்கரிடம் நாம் எதிர்பார்ப்பது நேர்மை: உள்ளே போனது அப்படியே வெளியே வர வேண்டும். கித்தார் ஸ்பீக்கரிடம் அந்த நேர்மை கிடையாது. பரவலாகப் பயன்படும் 12 அங்குல ஸ்பீக்கரின் ஒலி 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மளமளவென்று சரிந்துவிடும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது என்பதை நினைத்தால் இது பெரிய குறை. ஆனால் இந்தக் குறைதான் ராக் இசையைக் காப்பாற்றுகிறது. ராக் கித்தார் கலைஞர்கள் ஆம்பை அதன் எல்லைக்கு மேல் முடுக்குவார்கள். சமிக்ஞையின் உச்சிகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையிலிருந்து மேற்சுரங்கள் கொட்டும். அந்தச் சமிக்ஞையை ஸ்பீக்கர் வழியாக விடாமல் நேரே கணினிக்குள் செலுத்திக் கேட்டால், கலைந்த தேன்கூட்டின் இரைச்சல்போல் இருக்கும். ஸ்பீக்கர் அந்த இரைச்சலின் மேல்பகுதியை வடிகட்டிவிட்டு, நமக்குப் பிடித்த முரட்டு ஒலியை மட்டும் தருகிறது.

1964இல் தி கிங்ஸ் என்ற ஆங்கிலேயக் குழுவின் டேவ் டேவிஸ், தம் சிறிய ஆம்பின் ஸ்பீக்கர் கூம்பைச் சவர அலகால் கீறிவிட்டு, 'யூ ரியலி காட் மீ' பாடலுக்கு வாசித்தார். கூம்பு என்பது காகிதத்தால் ஆன ஓர் இசைக்கருவி என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டாம். நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், ஸ்பீக்கர் விலை அதிகம்.

இனி ஒலிவாங்கி. மேடைகளில் நாம் காணும் டைனமிக் வகை ஒலிவாங்கியைப் பிரித்தால், உள்ளே ஒரு மெல்லிய சவ்வு, அதன் பின்னால் ஒட்டிய கம்பிச்சுருள், சுருளைச் சூழ்ந்து ஒரு காந்தம் இருக்கும். ஸ்பீக்கரைப் பிரித்தாலும் இவையேதான்: கூம்பு, சுருள், காந்தம். ஸ்பீக்கரில் மின்சாரம் சுருளை அசைத்து ஒலி எழுப்புகிறது. ஒலிவாங்கியில் ஒலி சுருளை அசைத்து மின்சாரம் எழுப்புகிறது. இரண்டும் ஒரே கருவியின் இரண்டு திசைகள். 1966 ஏப்ரலில் பீட்டில்ஸ் குழுவின் 'பேப்பர்பேக் ரைட்டர்' பாடலைப் பதிவு செய்தபோது, லண்டன் இஎம்ஐ ஒலிக்கூடத்தின் தொழில்நுட்பர்கள் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை, செய்தே காட்டினார்கள். பால் மெக்கார்ட்னியின் பேஸ் கித்தார் ஆம்புக்கு எதிரே இன்னொரு பெரிய ஸ்பீக்கரை வைத்து, அதையே ஒலிவாங்கியாக இணைத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய கூம்பு கனமான அடித்தொனியை நன்றாக வாங்கியது.

நடுவும் ஓரமும்

ஸ்பீக்கரின் முன்துணியை நீக்கிப் பார்த்தால், நடுவில் உள்ளங்கை அளவுக்கும் குறைவான ஒரு மூடி தெரியும். உள்ளே தூசி போகாமல் காக்கும் அந்த மூடிக்குப் பின்னால்தான் கம்பிச்சுருள் இருக்கிறது. அங்கிருந்து வெளிப்புறமாகக் காகிதக் கூம்பு விரிந்து, ஓரத்தில் சட்டத்தோடு ஒட்டியிருக்கும்.

கூம்பு முழுவதும் ஒரே தட்டைப்போல் முன்னும் பின்னும் அசைகிறது என்றுதான் நாம் நினைப்போம். கீழ் அதிர்வெண்களுக்கு அது உண்மை. கித்தாரின் மிகத் தடித்த கம்பியைத் திறந்த நிலையில் மீட்டினால் 82 ஹெர்ட்ஸ் வரும். நொடிக்கு 82 முறை என்பது கூம்புக்கு நிதானமான வேகம், மொத்தமாகவே அசைந்துவிடும். அதுவே 3,000 அல்லது 4,000 ஹெர்ட்ஸ் என்றால் காகிதத்துக்கு மூச்சு வாங்கும். நடுவில் சுருள் தள்ளும் அதிர்வு ஓரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் சுருள் திசை மாறியிருக்கும். கூம்பு வளையத் தொடங்கும். ஒரு பகுதி முன்னே வரும்போது இன்னொரு பகுதி பின்னே போகும். உதறிய போர்வையில் அலைகள் ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இதனால் கூர்மையான மேல் அதிர்வெண்கள் பெரும்பாலும் நடுப்பகுதியிலிருந்தே புறப்படுகின்றன.

இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. நம் ஊர் வெப்பத்தில், 30 பாகை செல்சியஸில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. அப்படியானால் 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டர். ஒலிவாங்கியைக் கூம்பின் வலது ஓரத்துக்கு நேரே, 3 சென்டிமீட்டர் முன்னால் வைத்ததாகக் கொள்வோம். வலது ஓரத்து ஒலி உடனே வந்துவிடும். இடது ஓரத்து ஒலி அதைவிட 20 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டும். பாதை வேறுபாடு அரை அலைநீளமாக, அதாவது வெறும் மூன்றரை சென்டிமீட்டராக இருந்தாலே 5,000 ஹெர்ட்ஸ் அலைகள் ஒன்றையொன்று எதிர்க்கத் தொடங்கிவிடும். இதுதான் நீங்கள் படித்த அலைக் குறுக்கீடு. பாடநூலில் அதற்கு இரண்டு ஸ்பீக்கர்களை வைத்துச் சோதனை செய்வார்கள். இங்கே ஒரே ஸ்பீக்கரின் இரண்டு ஓரங்களே இரண்டு மூலங்களாகிவிடுகின்றன. 82 ஹெர்ட்ஸ் அலைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அதன் நீளம் நாலேகால் மீட்டர், கிட்டத்தட்ட ஒரு புரோட்டோன் சாகா காரின் நீளம். அதற்கு 20 சென்டிமீட்டர் ஒரு பொருட்டல்ல.

ஆக, நடு மூடிக்கு நேரே வைத்தால் ஒலி பளிச்சென்று, சில சமயம் காதைக் குத்தும்படி இருக்கும். ஓரத்தை நோக்கி நகர நகரக் கூர்மை குறைந்து, உருண்டையாகவும் மங்கலாகவும் மாறும். மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. மூடி முடிந்து கூம்பு தொடங்கும் அந்த வட்டக்கோட்டில்தான் ஒலி மிக விரைவாக மாறும். நாணய அகலம் பெரிய தூரமாவது அங்கேதான். ஒலிப்பதிவாளர்கள் பலர் தேடலைத் தொடங்குவதும் அந்தக் கோட்டில்தான். முன்துணி மறைத்திருந்தால் டார்ச் விளக்கைத் துணிக்கு அருகில் பிடித்துப் பாருங்கள், மூடியின் விளிம்பு தெரியும். சிலர் அந்த இடத்தில் சிறு ஒட்டுத்தாள் ஒட்டிவைப்பார்கள். அடுத்த நாள் அதே ஒலி வேண்டுமென்றால் அதே இடம் வேண்டுமே!

ஒலிவாங்கியை நகர்த்தாமல் சாய்ப்பதும் ஒரு வழி. மேடை ஒலிவாங்கிகள் பெரும்பாலும் தமக்கு நேரே வரும் ஒலியை நன்றாகவும், பக்கவாட்டில் வருவதைக் குறைவாகவும் வாங்கும். அந்தப் பாகுபாடு மேல் அதிர்வெண்களில் கூடுதல். 45 பாகை சாய்த்தால் கூர்மை சற்றே தணியும். ஆனால் முதலில் இடத்தைச் சரி செய்துவிட்டு, மிச்சமிருக்கும் சிறு குறைக்கு மட்டும் சாய்வைப் பயன்படுத்துவது நல்லது என்பேன். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும். அறிவியல் கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்வது இதற்காகத்தானே.

முழங்காலுக்குப் பாயும் ஒலி

"என் ஆம்பின் ஒலி இப்படி இருக்காது!" என்பது கித்தார் வாசிப்பவர்கள் பதிவைக் கேட்டவுடன் சொல்லும் முதல் வாக்கியம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆம்ப் தரையில் இருக்கிறது. வாசிப்பவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறார். ஸ்பீக்கரின் நடுப்பகுதி 30 சென்டிமீட்டர் உயரத்தில், அவர் காது ஒன்றரை மீட்டர் உயரத்தில் என்று வைத்துக் கணக்கிட்டால், அவர் காது ஸ்பீக்கரின் நேர்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ 40 பாகை விலகியிருக்கிறது.

அலைநீளம் கூம்பைவிடப் பெரிதாக இருக்கும்போது ஒலி எல்லாப் பக்கமும் பரவும். அலைநீளம் கூம்பைவிடச் சிறிதானால், கார் விளக்கின் ஒளிக்கற்றையைப்போல் நேராகப் பாயத் தொடங்கும். 12 அங்குலக் கூம்புக்கு 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி இந்த மாற்றம் தலைகாட்டும், மேலே போகப் போகக் கற்றை ஒடுங்கும். அந்தக் கற்றை வாசிப்பவரின் முழங்காலைத் தாக்கிவிட்டுப் போகிறது. அவர் காதுக்குக் கூர்மை குறைந்த ஒலிதான் போய்ச் சேருகிறது. ஆகவே கூர்மைக் குமிழை இன்னும் திருகுகிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் ஒலிவாங்கியும் அந்தக் கற்றைக்குள்தான் இருக்கிறது. ஆம்பை ஒரு நாற்காலியின் மேல் ஏற்றி வைத்தாலோ, பின்னோக்கிச் சாய்த்து வைத்தாலோ, வாசிப்பவருக்குத் தம் ஆம்பின் உண்மை முகம் தெரியவரும். குழுவில் பாதிச் சண்டை அதோடு ஓய்ந்துவிடும்.

அருகே வந்தால் கூடும் அடித்தொனி

இதுவரை பக்கவாட்டில் நகர்ந்தோம். முன்னும் பின்னும் நகர்ந்தால் வேறு ஒரு விளைவு வேலை செய்கிறது.

கித்தார் ஆம்ப் முன்னால் உலகெங்கும் அதிகமாகக் காணப்படும் ஒலிவாங்கிகளில் ஒன்று ஷூர் எஸ்எம்57. அமெரிக்க நிறுவனமான ஷூர் 1965இல் வெளியிட்டது. அதை உருவாக்கிய பொறியாளர் எர்னி சீலருக்கு மேற்கத்திய செவ்வியல் இசைமேல்தான் பிரியம், ராக் இசையைக் கண்டால் ஆகாது. அவர் ஒலிவாங்கியே ராக் கித்தாரின் வாசலில் காவல்காரனாக நிற்கிறது. அமெரிக்க அதிபர்களின் உரைமேடையில் பல ஆண்டுகளாக நிற்பதும் இதே வகைதான்.

இத்தகைய திசைசார் ஒலிவாங்கியின் சவ்வுக்கு முன்னாலும் பின்னாலும் காற்று நுழைய வழி உண்டு. முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடுதான் சவ்வை அசைக்கிறது. ஒலி தொலைவிலிருந்து வந்தால் இரண்டு பக்கமும் அதன் வலிமை ஒன்றே, வந்து சேரும் நேரம் மட்டும் சற்று வேறுபடும். நீண்ட அலைகளுக்கு அந்தச் சில சென்டிமீட்டர் நேர வேறுபாடு மிகச் சிறியது. அதை ஈடு செய்யும்படி ஒலிவாங்கியைக் கீழ் அதிர்வெண்களுக்குச் சாதகமாக வடிவமைத்திருப்பார்கள். இப்போது ஒலிவாங்கியை ஸ்பீக்கருக்கு மிக அருகே கொண்டுபோங்கள். முன்பக்கம் 2 சென்டிமீட்டரில், பின்வழி 4 சென்டிமீட்டரில் என்றால் தூரம் இரண்டு மடங்கு. முன்பக்க ஒலி பின்பக்கத்தைவிட மிக வலிமையாகிவிடும். இந்தப் புதிய வேறுபாடும் சேர்ந்துகொள்ள, கீழ் அதிர்வெண்கள் அளவுக்கு மீறிப் பொங்குகின்றன. எஸ்எம்57ஐ ஒலிமூலத்திலிருந்து 6 மில்லிமீட்டர் தூரத்தில் வைத்தால், 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் 6 முதல் 10 டெசிபெல் வரை கூடும். வானொலி அறிவிப்பாளர்கள் ஒலிவாங்கியை ஒட்டிப் பேசும்போது குரல் கம்பீரமாவதும் இதனால்தான்.

தள்ளி வைத்தால் அந்தப் பொங்கல் அடங்கும். கூம்பின் எல்லாப் பகுதிகளின் ஒலியும் கலந்து, இயல்பான முழு ஒலி கிடைக்கும். ஆனால் அறையும் உள்ளே நுழைந்துவிடும். முதலில் வருவது தரை.

ஒரு கணக்குப் போடுவோம். ஸ்பீக்கரின் நடுப்பகுதியும் ஒலிவாங்கியும் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம், இரண்டுக்கும் இடையே 1 மீட்டர். நேராக வரும் ஒலி 100 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. தரையில் பட்டுத் திரும்பும் ஒலியின் பாதையைப் பித்தாகரஸ் தேற்றம் தருகிறது: 100ன் வர்க்கத்தையும் 60ன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 116.6 சென்டிமீட்டர். வேறுபாடு 16.6. இது அரை அலைநீளமாக அமையும் அதிர்வெண் ஏறத்தாழ 1,050 ஹெர்ட்ஸ். சரியாக அந்த இடத்தில், கித்தாரின் குரலுக்கு நடுவில், பதிவில் ஒரு பள்ளம் விழும். சலவைக்கல் தரையாக இருந்தால் பள்ளம் இன்னும் ஆழம். அதே ஒலிவாங்கியை 3 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்தால் தரையில் பட்டு வரும் ஒலி 60 சென்டிமீட்டர் சுற்றி வர வேண்டும். நேர் ஒலியின் முன்னால் அது முணுமுணுப்புதான். மண்டபத்தின் எதிரொலியையும் பக்கத்தில் அதிரும் டிரம்மையும் தவிர்க்க நெருக்கமாக வைப்பது ஏன் எளிய வழி என்பது இப்போது விளங்கும். தள்ளித்தான் வைக்க வேண்டும் என்றால் ஆம்பை உயர்த்துங்கள், தரையில் கம்பளம் விரியுங்கள். அல்லது ஒலிவாங்கியைத் தரையிலேயே கிடத்துங்கள். தரையோடு ஒட்டிவிட்டால் இரண்டு பாதைகளும் ஒன்றாகிவிடும், பள்ளம் மறையும்.

பீட்டில்ஸ் அந்தப் பாடலைப் பதிவு செய்த அதே 1966இல், அதே லண்டனில், டெக்கா ஒலிக்கூடத்தில் இன்னொரு கூத்து நடந்தது. ஜான் மேயாலின் குழுவோடு எரிக் கிளாப்டன் ஓர் இசைத்தட்டுக்கு வாசிக்க வந்தார். வந்தவர் தம் மார்ஷல் ஆம்பை மேடையில் வைக்கும் அளவுக்குச் சத்தமாக வைத்தார். ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜன் திகைத்துப் போனார். அந்தக் காலத்தில் ஒலிக்கூடத்துக்குள் அடக்கி வாசிப்பதுதான் வழக்கம். கிளாப்டன் இறங்கிவரவில்லை. ஒலிவாங்கியைத் தள்ளி வையுங்கள் என்றார். அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அது வால்வு ஆம்ப். சத்தத்தைக் குறைத்தால் அவர் தேடிய அந்த உருகும் ஒலியே வராது. தயாரிப்பாளர் மைக் வெர்னன் ஒத்துக்கொண்டார். அந்த இசைத்தட்டு கித்தார் பதிவின் போக்கையே மாற்றியது. ஆம்பும் அறையும் சேர்ந்துதான் அந்த ஒலி. நெருக்கமாக வைப்பதே ஒரே சரியான முறை என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அந்த இசைத்தட்டைக் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு நல்ல அறை வேண்டும். நம் பள்ளி மண்டபங்களின் வெற்றுச் சுவரும் தகரக் கூரையும் அந்த உதவியைச் செய்வதில்லை.

இரண்டு ஒலிவாங்கிகள் வைத்தால்

ஒன்றில் கூர்மை, இன்னொன்றில் கனம், இரண்டையும் கலந்தால் எல்லாம் கிடைக்கும் என்று தோன்றும். பெரிய ஒலிக்கூடங்களில் டைனமிக் வகையோடு ரிப்பன் வகையைச் சேர்த்து வைப்பது வழக்கம். ரிப்பன் ஒலிவாங்கியில் சவ்வுக்குப் பதிலாக, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அலுமினியப் பட்டை காந்தத்துக்கு நடுவே தொங்கும். அதன் ஒலி மென்மையானது, எஸ்எம்57இன் முரட்டுத்தனத்துக்கு நல்ல இணை.

ஆனால் இரண்டும் ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் இல்லையென்றால் பழைய வில்லன் திரும்பி வருவான். ஒன்று மற்றதைவிட 5 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், 3,500 ஹெர்ட்ஸில் இரண்டும் எதிர்க் கட்டத்தில் சந்திக்கும். கித்தாரின் கடி இருக்கும் இடமே அதுதான். வேறுபாடு பதினேழரை சென்டிமீட்டர் என்றால் 1,000, 3,000, 5,000 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். அதிர்வெண் வரைபடத்தில் பார்த்தால் சீப்பின் பற்கள்போல் இருக்கும். தனித்தனியே கேட்டால் இரண்டு பதிவும் அருமை. சேர்த்தால் குழாய்க்குள் வாசித்ததுபோல் பாழ்.

ஒலிப்பதிவாளர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரு ஒலிவாங்கியின் மின்முனையைத் தலைகீழாக்கிவிட்டு, மற்றதை மெல்ல நகர்த்துவார்கள். கலவை எந்த இடத்தில் மிக மெலிந்து, கிட்டத்தட்ட காணாமல் போகிறதோ, அங்கே நிறுத்திவிட்டு மின்முனையைப் பழையபடி திருப்புவார்கள். மிக அதிகமாக அழிந்த இடமே இப்போது மிக அதிகமாகக் கூடும் இடம். எதிரியின் பலத்தை அளந்து அதையே துணையாக்கிக்கொள்ளும் இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் தொடக்கத்தில் ஒரே ஒலிவாங்கியோடு பழகுவதே மேல். ஒன்றை வைக்கத் தெரியாதவருக்கு இரண்டு வைத்தால் குழப்பம்தான் இரட்டிப்பாகும்.

காதைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்

நல்ல இடம் எது என்று அறிய ஸ்பீக்கரின் முன்னால் குனிந்து காதை வைத்துக் கேட்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். நல்ல கித்தார் ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட் கொடுத்தாலே 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல்லை ஒட்டி ஒலிக்கும். 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம், பிறகு ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வகமான நியோஷ் தரும் வரம்பு. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான். ஆம்பின் ஆற்றல் 50 வாட், காதோ ஒரு சாண் தூரத்தில் என்றால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். உள்காதின் நுண்மயிர் உயிரணுக்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை.

பாதுகாப்பான வழி இருக்கிறது. கித்தாரை வாசிக்காமல் ஆம்பை மட்டும் முடுக்கினால் 'ஸ்ஸ்' என்ற மெல்லிய இரைச்சல் வரும். அதில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும். நீங்கள் காதை நன்றாக மூடும் ஹெட்ஃபோனை அணிந்து ஒலிவாங்கி வாங்குவதைக் கேளுங்கள். நண்பர் ஒலிவாங்கியை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக நகர்த்தட்டும். இரைச்சல் 'ஸ்ஸ்' என்பதிலிருந்து 'ஷ்ஷ்' என்றும், பிறகு 'ஹ்ஹ்' என்றும் மாறுவது தெளிவாகத் தெரியும். பிடித்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லுங்கள். கித்தாரைத் தொடும் யாரும் அந்த நேரத்தில் அருகில் இருக்கக் கூடாது, அது முக்கியம்.

கணினியில் செய்து பார்க்க

இப்போது பலர் ஆம்பே இல்லாமல் கைப்பேசிச் செயலியில் கித்தாரைச் செருகி வாசிக்கிறார்கள். திரையில் ஒரு ஸ்பீக்கர் படமும் அதன் முன்னால் விரலால் இழுக்கக்கூடிய ஒலிவாங்கிப் படமும் இருக்கும். அது வெறும் அலங்காரம் அல்ல. யாரோ ஒருவர் உண்மையான ஸ்பீக்கரின் முன்னால் உண்மையான ஒலிவாங்கியை வைத்து, இடம் மாற்றி மாற்றி அளந்த பதிவுகள் அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சிறு ஒலிக்கோப்பு. உங்கள் கித்தாரின் சமிக்ஞையைக் கணினி அதோடு பெருக்கிக் கூட்டித் தருகிறது. இப்படிப்பட்ட இரண்டு கோப்புகளைக் கலக்கும்போதும், அளந்தவர் வைத்த தூரங்கள் வேறுபட்டால், அதே பள்ளங்கள் விழும்.

கித்தார்கூட இல்லாதவர்கள் இதைச் செய்து பாருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் பெற்றோரின் அனுமதியோடு கணினியில் நிறுவுங்கள். உங்கள் குரலையோ ஏதேனும் ஓர் இசைக்கருவியையோ ஒற்றைத் தடமாகப் பதிவு செய்யுங்கள். அந்தத் தடத்துக்கு ஒரு நகல் எடுங்கள். நகலின் தொடக்கத்தில் 22 மாதிரிகள் அளவுக்கு மௌனத்தைச் செருகிப் பின்தள்ளுங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வழக்கமான வேகத்தில் 22 மாதிரிகள் என்பது அரை மில்லிநொடி, காற்றில் பதினேழரை சென்டிமீட்டர். இரண்டு தடங்களையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் அந்தக் குழாய்க் குரல் கேட்கும். அடுத்து, நகலைத் தலைகீழாக்கும் கட்டளையைக் கொடுங்கள். பள்ளங்கள் இடம் மாறும், அடித்தொனி காணாமல் போகும். பிறகு மௌனத்தை 6 மாதிரிகளாகக் குறையுங்கள், ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். ஒவ்வொரு முறையும் முதல் பள்ளம் எந்த அதிர்வெண்ணில் விழும் என்பதை, 44,100ஐ மாதிரி எண்ணிக்கையின் இருமடங்கால் வகுத்துத் தாளில் எழுதிவிட்டு, அதன்பிறகு அதிர்வெண் வரைபடத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். தலைகீழாக்கிய தடத்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அதற்கு எது பொருந்தும் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.